சீல் பிரிக்காத புத்தகம்

அந்தப் பைமேல உங்க பெட்டியை வெச்சுராதீங்க தம்பி! கோவிச்சுக்காதீங்க. இருங்க, நானே கீழ எடுத்துக்கறேன். இப்ப வெய்யுங்க, தாராளமா வெய்யுங்க. இதை நான் மடியிலயே வெச்சுக்கறேன். ரயிலு ஈரோடு போற வரைக்கும் மடியிலதான்னா மடியிலதான். காலையில இருந்து இதே பொழப்பாத்தான் இருக்குது.

கண்ணாடிச் சாமான் இல்லீங்க. புத்தகம். படக்கதைப் புத்தகம். சிரிக்காதீங்க. பெருந்துறையில வந்து மோட்டாருக்குக் காயில் கட்டற சென்னியப்பன் கடை எதுன்னு கேளுங்க, யாரு வேணாலும் வழி சொல்லுவாங்க. அம்பது வயசு தாண்டியாச்சு. காலேசுல படிக்கற பொண்ணு இருக்குது. அப்பேர்ப்பட்ட ஆளு ஒரு படக்கதையைக் கட்டிப் புடிச்சுட்டு மெட்ராசுக்கு வந்துட்டுப் போறான்னா, அதுல ஒரு சங்கதி இருக்கோணுமா இல்லையா?

நீங்க அந்த விழாவுக்குப் போகலீங்களா? படக்கதை, கார்ட்டூன், வீடியோ கேம் எல்லாத்துக்கும் சேத்து ஒரு திருவிழாங்க. பெரிய மண்டபம். ஓவியருங்க மேசை போட்டு உக்காந்திருப்பாங்க, நாம நேர்ல போயிப் பேசலாம், கையெழுத்து வாங்கலாம். என்ற பொண்ணு மிருதுளா மெட்ராசுலதான் படிக்குது. அதுதான் போன் பண்ணுச்சு. "ப்பா, உங்க வில்வம் வர்றாருப்பா"ன்னுச்சு. எனக்குக் கையில இருந்த காயில் கம்பி நழுவிருச்சு.

ஓவியர் வில்வம். கேள்விப்பட்டதில்லையா? செரி, உங்க வயசுக்குத் தெரிய வாய்ப்பில்லை. மின்னல் மணவாளன்னு ஒரு படக்கதை மாசாமாசம் வந்துட்டிருந்துச்சு. மொகத்துல முகமூடி போட்டுட்டு அநியாயம் பண்றவனையெல்லாம் தேடிப் புடிக்கறவன் மணவாளன். வில்வம்தான் வரைவாரு. அவரு மழை வரைஞ்சா நாம புத்தகத்தைத் தொடச்சுட்டுப் பாப்பமுங்க, அப்படி இருக்கும்.

அதுல கடைசியா வந்தது ஒரு தீபாவளி மலர். ‘எரிமலைத் தீவில் மணவாளன்’. அதுதான் இது. கதை முடியற எடத்துல தொங்குபாலம் அறுந்து போயிருது. மணவாளன் பாறைமேல காலை ஊனிக்கிட்டு ரெண்டு கையில ரெண்டு கயிறு புடிச்சிருக்கறான். ஒரு கயித்துல அவன் தம்பி தொங்கறான், இன்னொண்ணுல சினேகிதன். கயிறு நழுவுது. கீழ நெருப்பு. ரெண்டு பேரும் மேல அண்ணாந்து இவன் மூஞ்சியப் பாக்கறாங்க. அதோட பக்கம் முடியுது. அடுத்ததுதான் கடைசிப் பக்கம்.

அந்தக் கடைசிப் பக்கம் யாருகிட்டயும் இல்லீங்க!

ஏன்னு கேளுங்க. அந்தப் பக்கத்தோட முதுகுல போட்டிக் கூப்பன் போட்டுட்டானுங்க. வெட்டி அனுப்புனா சைக்கிள் பரிசாம். ஊருல இருக்கற பொடுசுக அத்தனையும் கத்திரிக்கோலை எடுத்துருச்சு. வாடகைப் புத்தகக் கடையில நான் எடுத்துப் படிச்சதுலயும் அந்தத் தாளு இல்லை. அடுத்த மாசம் தெரிஞ்சுரும்னு இருந்தேன். அடுத்த மாசம் பத்திரிகையே நின்னு போச்சு. சைக்கிளாச்சும் எவனுக்காச்சும் வந்துச்சான்னா, அதுவும் இல்லை.

பழைய படக்கதை சேக்கறவங்களுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் வெச்சிருக்கறோம். அதுல கேட்டா ஒருத்தன் தம்பி விழுந்துட்டான்னு சொல்றான். ஒருத்தன் சினேகிதன் தானாவே கையை விட்டுட்டான்னு சொல்றான். அத்தனையும் வாய்க்கு வந்தது. உன்ற புத்தகத்துல கடைசித் தாளைப் போட்டோ புடிச்சு அனுப்புன்னா அன்னைக்கு முழுக்க ஆளு காணாமப் போயிருவான்.

இதுல அந்தத் தாளு இருக்குதுங்க தம்பி. எப்படித் தெரியும்னா, இது இன்னும் பிரிக்கவே இல்லை. அந்த மலரோட இலவசமா ஒரு காகித முகமூடி குடுத்தானுங்க. அது விழுந்துரக் கூடாதுன்னு ரெண்டையும் சேத்துப் பாலிதீன் கவருல போட்டு, வாயைச் சூடு வெச்சு ஒட்டித்தான் கடைக்கு அனுப்புனது. சேலத்துல ஒரு பழைய ஏஜெண்டு வீட்டுப் பரண்ல விக்காத கட்டு ஒண்ணு கெடந்துச்சு. அதுல எலி கடிக்காமத் தப்பிச்சது இது ஒண்ணுதான். வெலையைக் கேக்காதீங்க, என்ற சம்சாரத்துக்கே தெரியாது. சீல் பிரிக்காத மலர் வேற எவன்கிட்டயும் கெடையாது. குரூப்புல எனக்குப் பேரே ‘சீல் சென்னியப்பன்’ தான்.

பிரிச்சுப் பாத்தாத் தெரிஞ்சுரப் போகுது, இதுக்கு என்னன்னு கேக்கறீங்க. எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. பிரிச்சுட்டா அப்பறம் அது பிரிச்ச புத்தகம் தம்பி. பிரிச்ச புத்தகம்தான் எல்லார்கிட்டயும் கெடக்குதே. எனக்கு மோட்டாரைப் பிரிக்கறதுதான் தொழிலு. பிரிச்சதைத் திரும்ப மூடுனா பழைய மாதிரி வராதுன்னு என்னைய விட யாருக்குத் தெரியும்?

அதனால ஒரு ரோசனை பண்ணுனேன். வரைஞ்ச மனுசன் உசுரோட இருக்கறாரு. அவருகிட்டயே கேட்டுட்டா என்ன? யாரு விழுந்தது, யாரு பொழைச்சது, ஒரே வார்த்தை. அவரு வாயாலயே கேட்டுக்கலாம், சீலும் அப்படியே இருக்கும். எப்படீங்க நம்ம ரோசனை? சின்ன வயசுல இருந்து மனசுல அரிச்சுட்டுக் கெடந்தது இன்னைக்கோட தீரப் போகுதுன்னு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக் கெளம்பி வந்தனுங்க.

வாசல்லயே ஆரம்பிச்சுருச்சு. செக்யூரிட்டிக்காரன் பையைத் தொறக்கச் சொல்றான். செரின்னு தொறந்தேன். இந்தக் கவரையும் பிரிச்சுக் காட்டுங்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "கண்ணு தெரியலையா, உள்ள இருக்கறது வெளியவே தெரியுதே"ன்னு கேட்டேன். ரூல்ஸ்ங்கறான். பின்னாடி வரிசையில நின்னதெல்லாம் கத்துது. ஒருத்தன் தலையில கொம்பு, ஒருத்தி முதுகுல றெக்கை. கொம்பு வெச்சவனை உள்ள விடறான், என்னைய நிறுத்தி வெக்கறான். கடைசியில அவங்க மேனேஜரு வந்து லைட்டு அடிச்சுப் பாத்துட்டு விட்டாரு.

உள்ள போனா என்ற பொண்ணைக் காணோம். வெள்ளி கலருல சவுரி வெச்சுட்டு, அட்டைக் கத்தியைத் தூக்கிட்டு ஒரு புள்ளை வந்து எதுத்தாப்புல நிக்குது. நான் ஒதுங்கிப் போறேன். "ப்பா, நான்தான்ப்பா"ங்குது! ஏன் அம்மிணி இப்படின்னு கேட்டா ஏதோ ஜப்பான் கதையில வர்ற ராணியாம். அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். அதுக்குள்ள ரெண்டு பசங்க வந்து, "அங்கிள், ஒரு போட்டோ, நீங்க எந்த கேரக்டர்?"ங்கறானுங்க. பெருந்துறைக்காரன் பெருந்துறைக்காரனாட்ட வந்து நின்னா அதுவும் அங்க வேசம்னு ஆயிப் போச்சு.

மண்டபத்து நடுவுல ஒரு வரிசை நின்னுச்சு. அவ்வளவு நீளம். இது வில்வத்துக்குத்தான்னு நான் போயி நின்னுட்டேன். மிருதுளா ஏதோ சொல்ல வந்துச்சு. "நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டேன். நின்னேன், நின்னேன், காலு கடுத்துப் போச்சு. முன்னால போயிப் பாத்தா மேசையில உக்காந்திருக்கறது தாடி கூட மொளைக்காத ஒரு பையன்! போனுல பூனைப் படக்கதை வரையறவனாம். "உங்க பேரு சார்?"னு பேனாவைத் தூக்கிட்டுக் கேக்கறான். வில்வம் எங்கன்னேன். யாருங்கறான். எப்படி இருக்கும் எனக்கு?

வில்வம் எங்க உக்காந்திருந்தாரு தெரியுங்களா? கடைசி மூலையில, சோளப்பொரி விக்கற கடைக்குப் பக்கத்துல. மேசைக்கு முன்னால ஒரு ஆளு இல்லை. சோளப்பொரி வாங்கறவங்க அவரு மேசைமேல டம்ளரை வெச்சுட்டுப் போறாங்க. மெலிஞ்ச ஒடம்பு, தடிமனாக் கண்ணாடி. எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க, பொய் சொல்லல. கிட்டப் போயிக் கும்பிட்டேன். "ஐயா, நான் பெருந்துறை. மின்னல் மணவாளன் ஒண்ணு விடாமப் படிச்சவன்"னேன். அவரு எந்திரிச்சே நின்னுட்டாரு. "உக்காருங்க சார், உக்காருங்க சார், காலைல இருந்து அந்தப் பேரை யாருமே சொல்லலை"ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு.

அது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

நான் பையில இருந்து இதை எடுத்தேன். கவரோட மேசைமேல வெச்சேன். மனுசன் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுப் போட்டுட்டுக் குனிஞ்சு பாக்கறாரு. "இது எங்க கெடைச்சுது"ங்கறாரு. நான் பெருமையா, "சீல் பிரிக்காததுங்க ஐயா, வேற எங்கயும் கெடையாது"ன்னேன். சொல்லிட்டு நேரா விசயத்துக்கு வந்தேன். "ஐயா, ஒண்ணே ஒண்ணு. கடைசிப் பக்கத்துல யாரு விழுந்தது? தம்பியா, சினேகிதனா?"

அதுக்கு அவரு சொல்றாரு, "எனக்குத் தெரியாது சார்."

வரைஞ்சவருக்குத் தெரியாதாம்! கேட்டீங்களா கூத்தை?

விவரமாச் சொல்றாரு. அந்தப் பக்கத்தை ரெண்டு விதமா வரையச் சொன்னாங்களாம். ஒண்ணுல தம்பி விழுந்துருவான், இன்னொண்ணுல ரெண்டு பேரும் பொழைச்சுருவாங்க. ரெண்டையும் ஆபீசுல குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டாராம். திரும்பி வர்றதுக்குள்ள ஆபீசையே மூடிட்டானுங்களாம். வரைஞ்ச படமெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயிருச்சு. அவருக்குன்னு ஒரு புத்தகம் கூடக் குடுக்கலை. "எதை அச்சடிச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை சார். அந்த ரெண்டு பக்கம்தான் நான் வரைஞ்சதுலயே உருப்படியானது. யாரைக் கேட்டாலும் கூப்பன் வெட்டிட்டோம்கறாங்க"ன்னாரு.

சொல்லிட்டு ஒரு காரியம் பண்ணுனாரு. கைக்குட்டையை எடுத்து வெரல் வெரலாத் தொடச்சாரு. தொடச்சு ரெண்டு கையையும் திருப்பித் திருப்பி எனக்குக் காட்டறாரு, சின்னப்புள்ளையாட்ட. "சுத்தமா இருக்கு சார். கடைசிப் பக்கம் மட்டும். பாத்துட்டுக் குடுத்துடறேன்"ங்கறாரு.

நீங்களே சொல்லுங்க தம்பி, இது ஞாயமா? நான் அவருகிட்ட கேக்க வந்தவன். அவரு என்கிட்ட கேக்கறாரு!

நான் மரியாதையாத்தான் சொன்னேன். "ஐயா, இது பிரிக்கறதுக்கு இல்லீங்க, மன்னிக்கோணும்"னேன். செரின்னு விட்டிருக்கலாமில்ல? "ஓரத்துல மட்டும் கீறிப் பாக்கலாமா"ங்கறாரு. "வெளிச்சத்துல புடிச்சாத் தெரியுமா"ங்கறாரு. கையை நீட்டறாரு, கை நடுங்குது, நடுங்கற கையில குடுத்தா என்னத்துக்கு ஆகும்? நான் எடுத்து நெஞ்சோட வெச்சுக்கிட்டேன். அப்ப இந்த மிருதுளா இருக்குதே, பெத்த பொண்ணு, அது என் பக்கந்தானே நிக்கோணும்? "ப்பா, குடுங்கப்பா, அது அவர் வரைஞ்சதுப்பா"ங்குது. வரைஞ்சது அவருதான், நான் இல்லேன்னா சொன்னேன்? பரண்ல தவழ்ந்து தூசி குடிச்சு எடுத்துட்டு வந்தது யாரு?

"நானே இன்னும் பாக்கலை அம்மிணி, அவருக்கு என்ன அவசரம்?"னு கேட்டேன்.

அந்தப் புள்ளை என்னைய ஒரு மாதிரியாப் பாத்துச்சு. அவரு கைக்குட்டையை மடிச்சு வெச்சுட்டு, "பரவால்ல சார், பத்திரமா வெச்சுருங்க"ன்னாரு. அதைச் சொன்ன தோரணை எனக்குப் புடிக்கலீங்க. நான் பத்திரமா வெக்காம வேற யாரு வெச்சிருக்கறா?

எனக்கு ஒரு படம் போட்டுத் தருவாருன்னு ஆசையா இருந்தேன். மணவாளன் மூஞ்சி மட்டும், சின்னதா, கீழ ‘அன்புள்ள சென்னியப்பனுக்கு’ன்னு எழுதி. கேக்கறதுக்கு வாயே வரலை. அவராவும் கேக்கலை. அவ்வளவு தூரம் வந்த ரசிகனுக்கு இதுதானுங்களா மரியாதை?

அதைச் சொல்லலாம்னுதான் விழா ஆபீசுக்குப் போனேன். கூப்புட்டு வந்த ஓவியருங்களுக்குச் சொல்லி வையுங்க, ரசிகனுக்கு ஒரு படம் போட்டுக் குடுத்தாக் கொறைஞ்சா போயிருவாங்கன்னு கேக்கப் போனேன். அங்க ஒரு பொண்ணு, சுவத்துல ஒட்டியிருக்கற க்யூஆர் கட்டத்தைப் போனுல புடிச்சு உங்க கருத்தைப் பதிவு பண்ணுங்க சார்னுச்சு. எங்கருத்து கட்டத்துக்குள்ள அடங்கற கருத்தா?

திரும்பி வந்து பாத்தா அந்த மூலையில கூட்டம்! கொம்பு வெச்சவன், றெக்கை கட்டுனவ எல்லாம் வில்வத்தைச் சுத்தி நிக்கறாங்க. பூனைப் படக்கதைப் பையனே அவனோட மேசையை விட்டுட்டு வந்து நிக்கறான். நடுவுல என்ற பொண்ணு அவருக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டு எரிமலைத் தீவுக் கதையைச் சொல்லிட்டிருக்குது. எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது! அவரு பெரிய தாளு ஒண்ணுல வரைஞ்சுட்டிருக்கறாரு. "தம்பியைக் காப்பாத்துங்க"ன்னு ஒருத்தன் கத்தறான். "ரெண்டு பேரையும்"னு ஒருத்தி கத்தறா. அவரு சிரிக்கறாருங்க. என்கிட்ட ஒருக்காக்கூட அப்படிச் சிரிக்கலை.

உள்ள போகலாம்னு பாத்தேன். எப்படிப் போறது? இடிக்கறானுங்க. கவரு கசங்கிரும். நான் இதை ரெண்டு கையிலயும் அணைச்சுப் புடிச்சுட்டு வெளியவே நின்னேன். மிருதுளா பாத்துட்டு, "ப்பா, அதை அங்க சேர்ல வெச்சுட்டு வாங்கப்பா, எடம் புடிச்சு வெச்சிருக்கேன்"னு கூப்புட்டுச்சு. சேர்ல வெக்கறதா? சோளப்பொரி எண்ணெய்க் கையோட எவனாச்சும் தொட்டா? வரலைன்னு தலையாட்டுனேன். அப்ப வில்வம் தலையைத் தூக்கி என்னைய ஒருக்காப் பாத்தாரு. நல்லாவே பாத்தாரு. பாத்துட்டுக் குனிஞ்சு மறுபடியும் வரைய ஆரம்பிச்சுட்டாரு. வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லலீங்க.

நான் கெளம்பிட்டேன். பொண்ணுகிட்டக்கூடச் சொல்லலை. அதுக்குத்தான் புது உறவு கெடைச்சுருச்சே.

வயிறு எரியுதுங்க தம்பி. போன காரியம் ஒண்ணும் ஆகலை. யாரு விழுந்தான்னு தெரியலை. படம் கெடைக்கலை. கையெழுத்தும் இல்லை, ஆனா அது நல்லதுதான், கையெழுத்துன்னா பிரிக்கோணும். சோறுகூடத் திங்கலை. அந்தப் புள்ளையும் கூப்புடலை. செய்தி மட்டும் அனுப்பியிருக்குது. நீங்க ஏறறதுக்குச் சித்த முன்னாலதான் வந்துச்சு. இருங்க, படிக்கறேன். ‘ப்பா, அவர் புதுசா ஒரு கடைசிப் பக்கம் வரைஞ்சு உங்களுக்குன்னு குடுத்திருக்கார். சொல்லாமப் போயிட்டீங்க. பாருங்க.’ கீழ அந்தப் படம். கலங்கலா இருக்குது பாருங்க, தொட்டாத்தான் தொறக்கும்.

நான் தொடலை. எதுக்குத் தொடோணும்? நெசமான கடைசிப் பக்கம் என் மடியில இருக்கைல, இன்னைக்கு வரைஞ்சதைப் பாத்து என்ன பண்ணறது? பாத்தா அதுதான் மனசுல நிக்கும்.

நீங்க வேணும்னாப் பாருங்க. புடிங்க. எனக்கு மட்டும் சொல்லிராதீங்க.

தொறந்துச்சா? சொல்லாதீங்க. நல்லா வரைஞ்சிருக்கறாரா, அதை மட்டும் சொல்லுங்க. நடுங்கற கைதானே. தம்பி மேல வந்துட்டானா? வேண்டாம், வேண்டாம், சொல்லாதீங்க.

ஏனுங்க, போனையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கறீங்க?

நானா? நான் எங்கீங்க அந்தக் கதையில வர்றேன்? நல்லாப் பாருங்க, வேற யாராச்சும் இருக்கும். வெள்ளை வேட்டியா? மீசையும் இதேதானா? அட! பாறைமேலயா நிக்கறேன்? மணவாளனுக்குப் பக்கத்துலயேவா! பாத்தீங்களா தம்பி, மனுசன் மனசுல என்னைய வெச்சிருந்திருக்கறாரு. நான்தான் தப்பா நெனைச்சுட்டேன்.

மணவாளன் என்னையப் பாத்து என்னமோ கத்தறானா? ஒரு கயித்தை நீ புடிங்கறானா? செரி. செரி. நான் என்ன பண்ணறேன்?

ரெண்டு கையிலயும் இந்தப் புத்தகமா?

அப்ப கயித்தை நான் புடிக்கவே இல்லீங்களா தம்பி?